முப்பத்தோராம் திகதிக் காகம்

பியோர்ண்டால், ஒஸ்லோ
10 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்கா அறிய,

என் முழங்காலைத் தவிர இங்கே எல்லாம் சுகம். உங்கள் காதும் பிரஷரும் எந்த மட்டில் என்று எழுதவும். வீடியோவில் நான் தொண்டை கிழியக் கத்த, நீங்கள் "ஆ? ஆ?" என்று கேட்க, நான் யாரையோ அடிக்கிறேன் என்று பக்கத்து வீட்டு நோர்வேக்காரி வந்து கதவைத் தட்டிய நாளிலிருந்து கடிதமே மேல் என்று ஆகிவிட்டது.

நீங்கள் பஞ்சாங்கம் பார்த்து எழுதிய நாள் கிடைத்தது. ஐப்பசி வளர்பிறைத் தசமி, ஒக்டோபர் 31, வெள்ளிக்கிழமை. சத்தியபாமா போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. முதல் திவசத்தைக் குறைவில்லாமல் செய்ய வேண்டும் என்று உடனே தனுஷாவுக்கு ரெலிபோன் எடுத்தேன். பெற்ற தாயின் திவசம் என்றால் ஒரே பிள்ளை என்ன கேட்க வேண்டும்? "என்ன அப்பா சமைக்கிறது?" என்றல்லவா? அவள் சொன்னது, "அப்பா, அண்டைக்கு ஹாலோவீன்."

பிறகு திதிச் சண்டை. "அம்மா நவம்பர் பதினொண்டிலை எல்லே செத்தவ? ஏன் ஒக்டோபரிலை செய்யிறியள்?" அது சந்திரனின் கணக்கு, வருடா வருடம் நகரும் என்று விளக்கினேன். பின்னாலிருந்து அவளுடைய மகள் யாழ், எட்டு வயது, "அப்ப அம்மம்மா அடுத்த வருசம் எப்ப சாவா?" என்று கேட்கிறாள். இதற்கு எந்தச் சாத்திரத்தில் பதில் இருக்கிறது?

கடைசியில் தனுஷா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டு போனை வைத்துவிட்டாள். நீங்கள் ஒரு கடிதம் போட்டுப் புத்தி சொல்லவும். உங்கள் சொல்லைத்தான் கேட்பாள்.

பொறுமை முடிந்துபோன தம்பி,
ஸ்ரீஸ்கந்தராசா


கொக்குவில்
29 ஆகஸ்ட் 2025

தம்பி ராசா,

நல்லூர்த் தேருக்குப் போய் வந்த கால்நோ இன்னும் தீரவில்லை. மற்றும்படி உயிரோடு இருக்கிறேன். காது அப்படியேதான். அதனால் இந்த ஒழுங்கையில் நடக்கிற சண்டை ஒன்றும் கேட்காமல் நிம்மதியாக இருக்கிறேன். முழங்காலுக்கு நல்லெண்ணெய் பூசு.

ஹாலோவீன் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டு யோகராணி தன் போனில் படம் காட்டினாள். பூசணிக்காய்க்குக் கண் மூக்கு வெட்டி, உள்ளே விளக்கு வைத்து வாசலில் வைத்திருக்கிறார்கள். நாங்கள் அதே பூசணிக்காயைச் சந்தியில் போட்டு உடைத்து நாவூறு கழிக்கிறோம். இதில் யாருக்குப் பைத்தியம் என்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

தனுஷாவுக்குக் கடிதம் போட்டிருக்கிறேன். ஆனால் ஒன்று. அவள் சும்மா மாட்டேன் என்கிற பிள்ளை இல்லை. தாய் ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று மாதமும் வேலைக்கு லீவு போட்டுக் கட்டிலடியில் நின்றவள். அவள் சொன்ன முழுவதையும் எழுது. சின்ன வயதிலும் நீ இப்படித்தான். பாலை நீ குடித்துவிட்டு, பூனை வந்தது என்பாய். பூனை வந்ததும் உண்மைதான்.

அந்த ஹாலோவீன் இரவை அங்குள்ள மற்றத் தமிழ்ச் சனம் எப்படிக் கழிக்கிறது என்றும் எழுது. அறிய ஆசையாக இருக்கிறது.

உன் அக்கா,
சிவநாயகி


பியோர்ண்டால்
16 செப்ரெம்பர் 2025

அன்புள்ள அக்கா,

எண்ணெய் பூசினேன். முழங்கால் மினுங்குகிறது, நோவு போகவில்லை. உங்கள் கால் எப்படி?

கேட்டீர்கள், சொல்கிறேன். ஐந்து மணியானதும் சின்னப் பிள்ளைகள் பேயாகவும் பிணமாகவும் வேடம் போட்டுக்கொண்டு வீடு வீடாக வந்து மணியடிப்பார்கள். இனிப்புத் தா, தராவிட்டால் குறும்பு செய்வோம் என்பார்கள். நாகரிகமான நாட்டில் வருடத்துக்கு ஒருநாள் பகிரங்கக் கப்பம்.

எங்கள் ஆட்கள் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வழி. மேல்மாடி யேசுரட்ணத்தார் அது சாத்தானின் நாள் என்று குடும்பத்தோடு செபக் கூட்டத்துக்குப் போய்விடுவார். தனுஷா இருக்கும் ட்வெய்ட்டாப் பக்கத்துப் பரமநாதன் நாலு மணிக்கே காரை எடுத்துக்கொண்டு ஸ்ட்ரோம்மன் கடைத்தொகுதிக்குப் போய், ஒரு கோப்பியோடு எட்டு மணி வரை குந்தியிருப்பான். ஒரு பை இனிப்பு வாங்க மனம் வராதவன், இருந்து இருந்து முதுகு பிடித்துவிட்டது என்று அடுத்த நாள் என்னிடம் முறைப்பாடு. குலேந்திரன் எல்லா விளக்கையும் அணைத்துவிட்டுப் போர்வைக்குள் சீரியல் பார்ப்பான். ஒருமுறை அழுகைச் சத்தம் வெளியே கேட்டு, பேய் வீடு என்று பிள்ளைகள் இருபது நிமிடம் மணியடித்தார்கள். கீழ்வீட்டில் ஒரு தமிழ்நாட்டுக் குடும்பம். அவர்கள் தாங்களே பேய் வேடம் போட்டுக்கொண்டு கதவைத் திறப்பார்கள். "சார், நீங்களும் ஜாயின் பண்ணுங்க சார்" என்று என்னை வேறு கூப்பிடுவார்கள்.

எங்கள் வீட்டில் அது சத்தியபாமாவின் இலாகா. பன்னிரண்டு வருடம் செய்தாள். ஐந்து மணிக்கு வாசற்கதவடியில் கதிரையைப் போட்டு இருந்துவிடுவாள். முதல் வருடம் இனிப்பு என்று பயத்தம் பணியாரம் சுட்டுக் கொடுத்தாள். அடுத்த நாள் காலை பூச்செடிகளுக்குள் அவற்றைப் பொறுக்கியது நான். பத்தொன்பது. அதன் பிறகு கடை இனிப்பு வாங்கினாள். இங்கே உப்புப் போட்ட கருப்பு இனிப்பு ஒன்று உண்டு, லக்ரிஸ் என்பார்கள், ரயர் தின்றமாதிரி இருக்கும். அதில் பாதியைத் தானே தின்றுவிடுவாள். நான் அறைக்குள் செய்தியைச் சத்தமாக வைத்துக்கொண்டு இருப்பேன். போன வருடம் அவளுக்கு ஏலாது. ஆகவே ஒன்றும் இல்லை.

இப்போது தனுஷா சொல்வது என்னவென்றால், திவசம் செய்யட்டாம், தானும் வந்து சமைப்பாளாம், ஆனால் ஐந்து மணிக்குக் கதவைத் திறந்து பிள்ளைகளுக்கு இனிப்புக் கொடுக்க வேண்டுமாம். திறக்காவிட்டால் வரமாட்டாளாம். செத்தவளுக்குப் படைத்த வீட்டு வாசலில் ஊர்ப் பிள்ளைகள் இரத்தம் பூசிக்கொண்டு நிற்பதா? நீங்களே சொல்லுங்கள். அன்றைக்கு இந்தக் கதவு திறக்காது.

உங்கள் தம்பி,
ஸ்ரீஸ்கந்தராசா


ட்வெய்ட்டா, ஒஸ்லோ
20 செப்ரெம்பர் 2025

அன்புள்ள மாமிக்கு,

நானும் யாழும் சுகம். கீர்த்தனன் உங்களைக் கேட்டதாக எழுதச் சொன்னார். உங்கள் கடிதத்தை வாசிக்க இரண்டு நாள் எடுத்தது. என்னுடைய தமிழ் சனிக்கிழமைப் பள்ளிக்கூடத் தமிழ். பிழை இருந்தால் குறை நினைக்க வேண்டாம்.

தாயின் திவசத்துக்கு ஏன் வரமாட்டாய் என்று கேட்டிருக்கிறீர்கள். அப்பா முழுக்க எழுதியிருக்க மாட்டார்.

போன வருடம் ஒக்டோபர் 31 தீபாவளியும் ஹாலோவீனும் ஒரே நாள். அம்மாவை ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். இனி மருந்து இல்லை என்று அனுப்பினது. அம்மாவுக்குத் தெரியும். என்னிடம் மூன்று பை இனிப்பு வாங்கி எடுத்தா. கதவடியில் கதிரை போட்டுத் தந்தது நான்தான். எனக்கு அன்றைக்குப் பின்னேர வேலை. போய்விட்டேன்.

ஆறு மணிக்கு அம்மா போன் எடுத்தா. "உன்ரை கொப்பர் விளக்கை நூத்துப்போட்டார்" என்றா. வாசல் மணியில் இருந்து பற்றரியையும் கழட்டி, கதிரையைச் சாமான் அறைக்குள் வைத்துப் பூட்டி, "நீ படு" என்று சொல்லியிருக்கிறார். தீபாவளி அன்று வீடு இருட்டு. பிள்ளைகள் படியால் ஏறி வந்து, "இங்கே ஒருவரும் இல்லை" என்று சொல்லிக்கொண்டு திரும்பிப் போனது அம்மாவுக்குக் கட்டிலில் கேட்டது. என்னிடம் சொன்னா, "அடுத்த வருசம் யாழைக் கூட்டிக்கொண்டு வா, நாங்கள் ரெண்டு பேருமாத் திறப்பம்." பதினொரு நாளில் அம்மா இல்லை.

அப்பா கிருமி தொற்றும் என்ற பயத்தில் செய்தவர். எனக்கு அது விளங்கும். நான் தாதி. ஆனால் அதைப் பற்றி அவர் இன்று வரைக்கும் ஒரு வார்த்தை கதைக்கவில்லை. செத்தவீட்டிலும் இல்லை, பிறகும் இல்லை. எனக்குப் பெரிய கோபம், மாமி. அதே நாளில் அதே கதவைப் பூட்டிவிட்டு, உள்ளே இருந்து அம்மாவுக்குப் படைக்க என்னால் முடியாது.

அன்புடன்,
தனுஷா


கொக்குவில்
1 ஒக்டோபர் 2025

தம்பி,

கால் பரவாயில்லை. இங்கே மழை தொடங்கப் போகிறது, கூரையில் ஓடு மாற்ற ஆள் கிடைக்கவில்லை.

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். பரமநாதனின் முதுகுக்கு ஐந்து வரி எழுதியிருக்கிறாய். குலேந்திரனின் போர்வைக்கு நாலு வரி. போன வருடம் உன் வீட்டில் நடந்ததற்கு "ஆகவே ஒன்றும் இல்லை" என்று ஒரு வரி. அது என்ன ஒன்றும் இல்லை? எழுது.

இன்னொன்று. அங்கே காகம் இருக்கிறதா? படைத்ததைக் காகம் தொட்டபிறகுதான் வீட்டில் மற்றவர்கள் சாப்பிட வேண்டும். முதல் திவசத்தில் இதில் பிசகக்கூடாது. ஐயரைக் கேள்.

சிவநாயகி


பியோர்ண்டால்
11 ஒக்டோபர் 2025

அன்புள்ள அக்கா,

குளிர் வந்துவிட்டது. நான் சுகமாக இருக்கிறேன் என்று எழுத வேண்டும், எழுதுகிறேன்.

காகம் இருக்கிறது. சாம்பல் சட்டை போட்ட காகம். ஆனால் அழைத்தால் வருகிற சாதி இல்லை. நீங்கள் எழுதியதிலிருந்து பழக்கலாம் என்று தினமும் மத்தியானம் பல்கனியில் சோறு வைக்கிறேன். "கா, கா" என்று அறுபத்தாறு வயதில் நின்று கத்துகிறேன். வந்தது யார் தெரியுமா? கறுப்பு வெள்ளையில் நீண்ட வாலோடு ஒரு குருவி, மாக்பை என்பார்கள். ஒன்று வந்தது, அடுத்த நாள் ஒன்பது வந்தன. மூன்றாம் நாள் குடியிருப்புச் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. பல்கனியில் உணவு வைத்தால் எலி வருமாம். நான் காலில் விழுந்தாலும் காகம் வராது, எலி மட்டும் கடிதம் போடாமலே வருமாம்.

இன்று யாழை என்னிடம் விட்டுவிட்டுத் தனுஷா கடைக்குப் போனாள். வாசலில் நின்றே விட்டாள், உள்ளே வரவில்லை. நான் கத்துவதை யாழ் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"காகம் வராட்டி என்ன, அம்மப்பா?"

"ஒருத்தரும் சாப்பிடேலாது. ஒரு அலுவலும் பாக்கேலாது."

"காகம் சாப்பிட்டா?"

"சாப்பிட்டா எல்லாம் முடிஞ்சுது. பிறகு என்னவும் செய்யலாம்."

அவளுக்காவது விளங்குகிறது. தாய்க்கு விளங்கவில்லை.

நீங்கள் கேட்ட மற்ற விஷயத்தில் எழுத ஒன்றும் இல்லை.

ஸ்ரீஸ்கந்தராசா


கொக்குவில்
13 ஒக்டோபர் 2025

ஸ்கந்தராசா,

சுகம் விசாரிக்க மனம் வரவில்லை. தனுஷாவின் கடிதம் வந்தது.

சாகப் போகிறவள் கேட்டது ஒரு கதிரை. நீ அதைப் பூட்டி வைத்தாய். பயத்தில் செய்தாய் என்று உன் மகளே எழுதுகிறாள், அவ்வளவு நல்ல பிள்ளை. பயந்தது பிழை இல்லை. ஒரு வருடமாக வாயைப் பொத்திக்கொண்டு, பிள்ளைக்குப் பக்தி இல்லை என்று எனக்குக் கடிதம் எழுதினாயே, அதுதான் பிழை. பூனை வந்தது என்று சொல்கிற வயதா உனக்கு?

செத்தவருக்கு விருப்பமானதைத்தான் இலையில் வைக்க வேண்டும். அவள் அந்த ரயர் இனிப்பைத் தின்றாள் என்று நீதானே எழுதினாய். அதை வாங்கி வை. படைத்தது பிறகு யாருக்குப் போக வேண்டும் என்று உனக்கே தெரியும்.

அக்கா


பியோர்ண்டால்
25 ஒக்டோபர் 2025

அன்புள்ள அக்கா,

உங்கள் கடிதம் கிடைத்தது.

ஸ்ட்ரோம்மனில் வாழையிலை வாங்கினேன். லக்ரிஸ் வாங்கப் போய், பையின் பின்னால் உள்ள பொடி எழுத்தை ஒரு மணித்தியாலம் நின்று வாசித்தேன். பாதி இனிப்பில் மாட்டெலும்பு ஜெலற்றின். திவச இலையில் அதை வைக்கலாமா? ஜெலற்றின் இல்லாதது ஒன்று கடைசித் தட்டில் இருந்தது. ஆறு பை எடுத்தேன்.

வாசல் மணிக்குப் புதுப் பற்றரி போட்டேன். மணி பற்றரி இல்லாமல் கிடந்தது. வேறு ஒன்றும் நினைக்க வேண்டாம்.

தனுஷாவுக்கு "வா" என்று ஒரு சொல் அனுப்பினேன். பதில் இல்லை.

தம்பி


பியோர்ண்டால்
2 நவம்பர் 2025

அன்புள்ள அக்கா,

இதை ஆறுதலாக இருந்து வாசியுங்கள். கால் நீட்ட இடம் பார்த்து இருங்கள்.

தனுஷா வந்தாள். காலை பத்து மணிக்கே, மருமகன் கீர்த்தனனும் யாழும் கூட. பதில் அனுப்பாமல் மூன்று பை மரக்கறியோடு வந்து நேரே குசினிக்குள் போய்விட்டாள். என்னோடு கதைத்தது "உப்பு எங்கை?" என்ற ஒன்றுதான். யாழ் எலும்புக்கூட்டு உடுப்பை ஒரு பையில் கொண்டுவந்திருந்தாள். நான் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தேன்.

பன்னிரண்டரைக்கு ஐயர் வந்து செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு, ட்வெய்ட்டாவில் இன்னொரு வீடு இருக்கிறது என்று ஓடினார். இலையில் வடை, பாயசம், ஒன்பது கறி, ஒரு கரையில் கருப்பு இனிப்பு. ஒரு பங்கைப் பல்கனியில் வைத்துவிட்டுக் கத்தத் தொடங்கினேன்.

காகம் வரவில்லை. எதிர்க்கட்டடக் கூரையில் ஆறேழு இருந்தன. இவ்வளவு நாளாக என் சோற்றுக்காகச் சண்டை பிடித்த மாக்பைகூட வரவில்லை. இரண்டு மணி, மூன்று மணி. கீர்த்தனனின் வயிறு கத்துவது எனக்குக் கேட்டது. குளிர்காலத்துக்கு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் பின்னுக்கு வைத்த பிறகு இங்கே நாலரைக்கே இருட்டு. கூரையில் இருந்ததுகளும் எழும்பிப் போய்விட்டன.

"அப்பா, காகம் படுக்கப் போட்டுது. சாப்பிடுவம்" என்றாள் தனுஷா.

"காகம் தொடாமல் இஞ்சை ஒருத்தரும் தொடேலாது" என்றேன். எரிந்து விழுந்தேன் என்று சொல்வதுதான் சரி. ஒரு வருடம் கழித்து ஒரு காரியம் செய்கிறேன், அதையும் ஏற்றுக்கொள்ள அவளுக்கு மனம் இல்லை என்று பட்டது. அவள் என்றால் தனுஷா இல்லை, அக்கா.

அப்போது யாழ் அறைக்குள்ளிருந்து வந்தாள். எலும்புக்கூட்டு உடுப்பைப் போடவில்லை. கறுப்புக் குப்பைப் பையை வெட்டி இரண்டு கையிலும் கட்டியிருந்தாள். மட்டையில் ஒரு சொண்டு. எங்களைக் கடந்து பல்கனிக்குப் போய், குந்தியிருந்து, கை வைக்காமல் வாயாலேயே ஒரு வடையைக் கடித்தாள். சோற்றில் இரண்டு வாய். கடைசியில் அந்தக் கருப்பு இனிப்பு. அவளுக்கு அது பிடிக்காது. முகத்தைச் சுளித்துக்கொண்டே விழுங்கினாள்.

ஒருவரும் சிரிக்கவில்லை. நான் ஏசப் போகிறேனோ என்று தனுஷா என் முகத்தைப் பார்த்தாள்.

"அம்மப்பா, காகம் சாப்பிட்டுட்டுது. இனி என்னவும் செய்யலாம் எண்டு சொன்னனீங்கள். கதவைத் திறக்கட்டோ?"

நான் சாமான் அறைத் திறப்பை எடுத்துப் போய்க் கதிரையைக் கொண்டுவந்தேன். ஒரு வருடத் தூசி. வேட்டித் தலைப்பால் துடைத்துக் கதவடியில் வைத்தேன். விளக்கைப் போட்டேன். தனுஷா கரண்டியோடு குசினி வாசலில் நின்றாள். இதற்கு மேல் ஒளிக்க எனக்கு ஏலாமல் போய்விட்டது.

"அண்டைக்கு விளக்கை நூத்தது நான்தான். பற்றரியைக் கழட்டினதும் நான்தான். கொம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதவ. நான் அதைப் பாத்துக்கொண்டு நிண்டனான், பிள்ளை. காய்ச்சல் வந்து இன்னும் ரெண்டு நாள் குறைஞ்சிடுமோ எண்டு பயந்திட்டன்."

"தெரியும் அப்பா" என்றாள். "நீங்கள் சொல்ல வேணும் எண்டுதான் ஒரு வருசமா நிண்டனான்." பிறகு அழுதாள். பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "முதல் சாப்பிடுங்கோ, பிரஷர் குளிசை போடேல்லை நீங்கள்" என்று என்னையே ஏசினாள். தாயின் குரல் அப்படியே.

சாப்பிட எங்கே விட்டார்கள்? மணி அடித்தது. திறந்தால், தலையில் கோடரி கொத்தினபடி ஒரு பிள்ளை. காகமும் நானும் நிற்பதைப் பார்த்துவிட்டு, "கருப்பு இனிப்புத் தருகிற அம்மா எங்கே? போன வருடம் வந்தோம், இருட்டாக இருந்தது" என்று நோர்வே மொழியில் கேட்டது. அவர் இறந்துவிட்டார் என்றேன். அந்தப் பிள்ளை கோடரி விழாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, பெரிய மனிதர் மாதிரித் தலையைக் குனிந்து, "எனது அனுதாபங்கள்" என்றது. பிறகு இரண்டு எடுத்தது.

நாற்பத்து மூன்று தடவை கதவைத் திறந்தேன், அக்கா. எட்டு மணிக்குப் பார்த்தால் முழங்கால் பலாப்பழம் மாதிரி வீங்கியிருந்தது. சாப்பாடு ஆறிப்போய்விட்டது. பிணம், பேய், தலையில்லாதவன், இன்னும் என்னென்னவோ. ஒன்றுக்கும் பொறுமை இல்லை, எல்லாவற்றுக்கும் இனிப்பு வேண்டும். இதைப் பன்னிரண்டு வருடம் எப்படியடி செய்தாய் என்று கேட்க வேண்டும்போல் இருந்தது. கேட்க அறைப் பக்கம் திரும்பியும் விட்டேன். அதுதான் எனக்குப் பெரிய எரிச்சல். கேட்க வேண்டிய ஆளுக்குத்தான் திவசம்.

உங்கள் தம்பி,
ஸ்கந்தன்


கொக்குவில்
19 நவம்பர் 2025

அன்புள்ள தம்பி,

முழங்காலுக்கு நொச்சியிலை ஒத்தடம் நல்லது. அங்கே கிடைக்காது, ஆகவே சும்மா எழுதுகிறேன். இங்கே ஓடு மாற்றியாயிற்று. உன் கடிதத்தை வாசித்து நானும் அழுதேன், இப்போது சுகம். காகத்துக்கு என் முத்தம்.

சாத்திரியார் சோதிலிங்கத்தாரிடம் அடுத்த வருடத் திதியைக் கேட்டேன். கணக்குப் போட்டுச் சொன்னார். பத்து நாள் முன்னுக்கே வந்துவிடுகிறதாம். ஐயர், இலை, படையல் எல்லாம் அதோடு முடிந்துவிடும். முப்பத்தோராம் திகதி உனக்குத் திவசம் என்று சாட்டுச் சொல்ல வழியில்லை. அந்தப் பிள்ளைகளுக்குத் திதி தெரியாது, அதே நாளில்தான் வருவார்கள்.

கதிரையைத் திரும்ப அந்த அறைக்குள் வைக்காதே.

அன்புடன்,
அக்கா